அடியும் தலையும்: மலை வீட்டுப் பந்தலுக்கு நான்கு தூண்கள்

அவரைக்குப் பந்தல் போடுகிறவர் வேலியோரத்தில் முதலில் தேடுவது கவட்டை உள்ள கம்பை. நேரான கம்பு பத்து இருந்தாலும், நுனியில் இரண்டாகப் பிரிந்த கம்பு நான்கு கிடைக்காதா என்றுதான் கண் போகும். அந்தப் பிளவில் குறுக்குக் கம்பைக் கிடத்திவிட்டால் அது உருளாது. கயிறும் அதிகம் வேண்டாம். அடுத்த கவலை, குழியில் இறங்கும் அடிப்பகுதி. கறையானும் ஈரமும் அங்கிருந்துதான் ஏறும் என்பதால் அதைத் தீயில் கரியாக்குவார்கள், அல்லது ஒரு கல்லை வைத்து அதன்மேல் கம்பை நிறுத்துவார்கள். ஒரு தூணில் கடினமான இடங்கள் எவை என்று பந்தல் போடுகிறவருக்குத் தெரியும்: மண்ணைத் தொடும் அடி, உத்தரத்தைத் தொடும் தலை. நடுவில் உள்ள உடம்பு நேராக நின்றால் போதும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அறிவின் நீட்சிதான். தோட்டத்து மண்டபத்துக்கோ கொடிப்பந்தலுக்கோ அழகான தூண் வேண்டும் என்பவர் அழகை வெளியே வாங்கி வந்து ஒட்ட வேண்டியதில்லை. அடி, தலை, இணைப்பு ஆகிய மூன்றின் வேலையையும் ஒழுங்காகச் செய்து, அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி விட்டால் அதுவே அலங்காரத் தூண். இப்படிச் சொல்லக் காரணம் என்ன, இதற்கு எதிராக என்னென்ன சொல்லலாம், கையால் எப்படிச் செய்வது ஆகியவற்றை இனிப் பார்ப்போம்.

அளவுகளை ஜவ்வாது மலையை மனத்தில் வைத்தே சொல்கிறேன். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த மலையில், ஜமுனாமரத்தூரானாலும் காவலூரானாலும், சிமென்ட்டும் கம்பியும் போளூர், ஆலங்காயம் பக்கத்திலிருந்து வளைவுச் சாலையில் ஏறி வர வேண்டும். நிலம் சரிவு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும். அதனால் இங்கே ஒரு தூண் வீணானால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை, ஏற்றிவந்த பாடும் வீண். சமவெளியில் மன்னிக்கப்படும் தவறுகள் மலையில் மன்னிக்கப்படுவதில்லை என்பதே இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இதே மலையில் மிகப் பழைய சான்று ஒன்று நிற்கிறது. ஊரார் குள்ளர் குகை என்று அழைக்கும் பெருங்கற்காலக் கற்திட்டைகள்தான் அவை. பலகைபோன்ற கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றியிருக்கிறார்கள். சாந்து இல்லை, கம்பி இல்லை, பூச்சு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மழைக்கும் காற்றுக்கும் பிறகு இன்னும் நிற்பவை உண்டு. கல் தன்மேல் அழுத்தும் சுமையை மிக நன்றாகத் தாங்கும், இழுவிசையைத்தான் அவ்வளவாகத் தாங்காது. அவர்கள் கல்லைப் பெரும்பாலும் கல்லுக்குப் பிடித்த வேலையிலேயே ஈடுபடுத்தினார்கள். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் அதே குடும்பம்: இரண்டு நிற்கும் கல், ஒரு கிடக்கும் கல். நடந்துவந்தவர் தலைச்சுமையைத் தானே இறக்கித் தானே தூக்கிக்கொள்ளும் உயரத்தில் அது இருக்கும். அதில் ஒரு பூவேலைகூட இல்லாவிட்டாலும் யாரும் அதை அழகற்றது என்று சொல்ல மாட்டார்கள். (கற்திட்டைகளிலிருந்து ஒரு துண்டுக் கல்லைக்கூடக் கட்டுமானத்துக்கு எடுக்கக் கூடாது. வனத்துறை நிலத்திலிருந்து கல்லோ மரமோ எடுப்பதும் அப்படியே. உங்கள் கொல்லையில் உழும்போது வெளிவந்த கல்லும், ரசீதோடு வாங்கிய கல்லும் போதும்.)

இனி, அலங்காரத்துக்குப் பேர்போன கோயில் தூணுக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, வந்தவாசி வட்டாரத்துச் சீயமங்கலத்தில், முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குடைவரை இருக்கிறது. அதன் தூண்கள் மேலும் கீழும் சதுரம். நடுவில் மூலைகள் வெட்டப்பட்ட எட்டுப்பட்டை. சிற்பிகள் இதைச் சதுரம், கட்டு, சதுரம் என்பார்கள். பாறையைக் குடைந்த இடத்தில் தூண் எந்த வடிவத்தில் இருந்தாலும் மலை நின்றிருக்கும். இந்த வடிவம் மரத்தூணிலிருந்து வந்தது என்பது கலை வரலாற்றாளர்கள் பலர் ஏற்கும் கருத்து; தச்சு வேலையைக் கவனித்தால் அதன் காரணமும் புரியும். தச்சர் ஒரு மரத்தூணின் கூர்மூலைகளை இழைத்து எடுப்பது, ஆள் உரசியும் மாடு உரசியும் சிராய் பெயரும் நடுப்பகுதியில். அடியிலும் தலையிலும் சட்டம் வந்து சேரும், துளையும் கழுந்தும் வரும். அங்கே மரம் முழுத் தடிமனோடு இருக்க வேண்டும் என்பதால் சதுரத்தைத் தொடாமல் விடுவார். வேலைக்காக விட்டதும் வேலைக்காக வெட்டியதும் சேர்ந்தே அந்த வடிவம். சதுரம் எட்டுப்பட்டையாக மாறும் மூலையில் ஒரு சிறு முக்கோணத் திட்டு உண்டாகும். பிற்காலத் தூண்களில் நாகபந்தம் என்ற பாம்புப்படம் வந்து உட்கார்வது சரியாக அந்தத் திட்டில்தான். வேலை விட்டுவைத்த இடத்தை அலங்காரம் நிரப்பியது.

தலையில் இருக்கும் போதிகையும் அப்படியே. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருபுறமும் கைநீட்டும் அந்தக் கட்டை, கவட்டைக் கம்பின் வாரிசு. பல்லவர் தூண்களில் அதன் அடி வளைந்து அலையலையாகக் கீறப்பட்டிருக்கும். சோழர் காலத்தில் அது பெரும்பாலும் கோணமாக வெட்டப்பட்டது. விசயநகரக் காலத்தில் நுனி தொங்கும் பூமொட்டாக வளர்ந்தது. வடிவம் மாறிக்கொண்டே வந்தாலும் வேலை மாறவில்லை: உத்தரம் தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைப்பது. இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். தூணின் மையத்துக்கு மையம் 10 அடி, தூண் 9 அங்குலம் என்றால் உத்தரம் தாண்டும் வெளி 9¼ அடி. போதிகை இருபுறமும் 9 அங்குலம் நீண்டால் அது 7¾ அடி ஆகிறது. ஒரே சீரான சுமையில் உத்தரத்தை வளைக்கும் விசை இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அந்த ஒன்றரை அடிக் குறைவு சுமார் 30 சதவீத விசையைக் குறைத்துவிடும். மெலிந்த உத்தரம் போதும். மலைச்சாலையில் ஏற்றிவர வேண்டிய மரமும் குறையும். மரத்தில் பிறந்த வடிவம் கல்லுக்கு மாறும் கதை வேறு நாட்டிலும் உண்டு. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் ஹீரா தேவியின் கோயில் மரத்தூண்களோடு தொடங்கியது. மரம் பழுதாகப் பழுதாக ஒவ்வொன்றாகக் கல்தூண் மாற்றப்பட்டது. அதனால்தான் அங்கே தூண்களின் தடிமனும் தலைப்பின் வடிவமும் ஒன்றுபோல் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசானியஸ், அப்போதும் ஒரு கருவாலி மரத்தூண் மிஞ்சியிருந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

அலங்காரம் வேலையிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு உடனே எழும் மறுப்பு, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் கலியாண மண்டபம். அங்கே தூணிலிருந்து குதிரைகளும் யாளிகளும் பாய்கின்றன. அவை எந்தச் சுமையைத் தாங்குகின்றன என்று கேட்கலாம். கேள்வி சரியானது. அந்தச் சிற்பங்களில் பெரும்பகுதி சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் சிற்பக் கூட்டத்துக்குப் பின்னால் தேவையான தடிமனோடு ஒரு தூண் இருக்கிறது. சிற்பி முதலில் தூணை உறுதிசெய்துவிட்டு, மிகுதிக் கல்லில்தான் விளையாடியிருக்கிறார். அந்த மிகுதியும் அந்தக் கையும் நம்மிடம் இல்லை. இருக்கும் ஒரு மூட்டை சிமென்ட்டை அடிக்கா, தலைக்கா, பூவுக்கா என்று கேட்டால், பூவுக்கு முறை கடைசியில்தான் வரும்.

இன்று நடைமுறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். சாலையோரத் தொட்டிக் கடைகளில் இலைத்தலையும் வரிக்கோடுமாகச் சிமென்ட் அச்சில் வார்த்த கூடுகள் கிடைக்கின்றன. உள்ளே ஓர் இரும்புக் குழாயை நட்டு, கூட்டை இரண்டு பாதியாக அணைத்து ஒட்டி, வெள்ளை அடித்தால் ஒரே நாளில் தூண். தெர்மோகோலில் செய்து மேலே பூச்சுப் பூசியவையும் உண்டு. விலை குறைவு, வேலை சுலபம், பார்க்கவும் பகட்டு. பிறகு ஏன் சிரமப்பட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. வீட்டுக்குள் என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை. வெளியில், அதுவும் இந்த மழையில், அந்தக் கூடு நீரைப் பிடித்துவைக்கும் பாத்திரம். ஒட்டுவாயில் புகும் தண்ணீர் கீழே இறங்கிக் குழாயின் அடியில் தேங்கும், வெளியேற வழி இருக்காது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடம் கேட்கும். கூடு உள்ளிருந்து விரிசல் விடும். பூச்சு நன்றாக இருக்கும்வரை உள்ளே நடப்பது தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: குழாய்க்குப் பதில் நான்கு கம்பியும் வளையமும் கட்டி, கூட்டை அச்சாக வைத்து உள்ளே முழுதும் கான்கிரீட் நிரப்பிவிடுங்கள். கூடு வெறும் தோலாகிவிடும். தோல் பெயர்ந்தாலும் தூண் நிற்கும். ஆனால் கம்பியைச் சுற்றி 40 மி.மீ. கலவைக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

இனிச் செய்முறை. எடுத்துக்கொள்வது மையத்துக்கு மையம் 10 அடிச் சதுரத்தில் நான்கு கால்; தூண் 9 அங்குலச் சதுரம், 7 அடி உயரம்; மேலே ஒரே திசையில் இரண்டு உத்தரங்கள், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், கொடியோ இலேசான ஓடோ. கான்கிரீட் தளம் போடுவதற்கும் மேலே ஆள் ஏறுவதற்கும் இந்தக் கணக்கு செல்லாது, அதற்குப் பொறியாளர் வேண்டும். முதலில் மூலைகளைக் குறியுங்கள். ஒரு மூலையில் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். கடைசியில் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளம் இருக்க வேண்டும். சரிவில் நாடாவைத் தரையோடு படுக்கவைத்து அளந்தால் கணக்கு பொய்க்கும். கிடைமட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும்.

சரிவு நிலத்தில் பெரும்பாலானோர் முதலில் செய்வது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமப்படுத்துவது. இங்கேதான் பல பந்தல்கள் சாயத் தொடங்குகின்றன. மேட்டுப்பக்கத் தூண்கள் அசையாத பழைய மண்ணிலும், பள்ளத்துப்பக்கத் தூண்கள் நேற்றுக் கொட்டிய மண்ணிலும் நிற்கும். இரண்டு மழையில் கொட்டிய மண் இறங்கும், தூணும் அதனோடு இறங்கும். ஆகவே நிலத்தைச் சமப்படுத்தாதீர்கள், பீடத்தை உயர்த்துங்கள். நான்கு குழிகளும், 3 அடிக்கு 3 அடி அகலத்தில், பழைய கெட்டி மண்ணுக்குள் போக வேண்டும்; ஆழம் 3 அடிக்குக் குறையக் கூடாது. தண்ணீர் நிரப்பிய குழாய்மட்டத்தால் நான்கு இடத்திலும் ஒரே உயரத்தைக் குறித்துக்கொண்டால், தூண்கள் நான்கும் ஒரே 7 அடியாக இருக்க, பீடங்கள் மட்டும் மேட்டில் 1 அடி, பள்ளத்தில் 2½ அடி என்று நிலத்துக்கு ஏற்ப மாறும். நான்கு பீடமும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் அலங்கோலமாகத் தெரியாதா என்பார்கள். தெரியாது, தூண்கள் சமமாக இருப்பதால் கண் அந்த வேறுபாட்டை மலையின் சரிவு என்றே எடுத்துக்கொள்ளும். தூண்களின் நீளம் மாறினால்தான் உறுத்தும்.

குழியின் அடியில் 4 அங்குலம் சல்லிக் கலவை, அதன்மேல் 2½ அடிச் சதுரத்தில் 10 மி.மீ. கம்பி வலை, 6 அங்குல இடைவெளியில் இரு திசையிலும். வலைக்குக் கீழே 50 மி.மீ. கவர் கல் (கவர் என்பது கம்பியை மூடும் கலவையின் தடிமன்). தூணின் நான்கு 12 மி.மீ. கம்பிகளும் அடியில் ஓர் அடிக்குக் குறையாமல் எல் வடிவில் மடங்கி இந்த வலையில் உட்கார்ந்து, ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக உச்சிவரை போக வேண்டும். நான்கு 12 மி.மீ. கம்பிகள் ஏன் என்பதற்குக் கணக்கு உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, தூணின் குறுக்குவெட்டில் குறைந்தது 0.8 சதவீதம் கம்பி கேட்கிறது. 9 அங்குலச் சதுரத்துக்கு அது சுமார் 423 சதுர மி.மீ.; நான்கு 12 மி.மீ. கம்பிகள் தருவது 452. வளையங்கள் 8 மி.மீ. கம்பியில் 6 அங்குலத்துக்கு ஒன்று போதும். அதே தரநிலை 12 மி.மீ. கம்பிக்கு அனுமதிக்கும் உச்ச இடைவெளி 192 மி.மீ.

அச்சைப் பொறுத்தவரை, 7 அடிக்கு ஒரே அச்சு செய்து மேலிருந்து கலவையைக் கொட்டுவது வழக்கம். தனியாகவோ இரண்டு பேராகவோ செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கலவையை 1.5 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழவிட்டால் சல்லி கீழேயும் சிமென்ட் பால் மேலேயும் பிரிந்து, அடியில் தேன்கூடுபோல் ஓட்டை விழும். மூன்று கட்டமாக வாருங்கள்: கீழே 2 அடி சதுரம், நடுவே 3 அடி எட்டுப்பட்டை, மேலே 2 அடி சதுரம். 3 அடி உயர அச்சு ஒன்று போதும். எல் வடிவில் இரண்டு பாதியாகச் செய்து போல்ட்டால் பூட்டினால் நிற்கும் கம்பியைச் சுற்றி எளிதாக அணைக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். பக்கவாட்டு அச்சை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம் என்பதால் மறுநாள் அதே பலகை அடுத்த தூணுக்குப் போகும். இரண்டு கட்டங்கள் சேரும் ஒட்டுவாய், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், ஒரு கோடாகத் தெரியும். பூச்சுப் பூசி மறைக்கப் பார்ப்பார்கள், பூச்சு அங்கேதான் முதலில் வெடிக்கும். ஆனால் நம் தூணில் அந்தக் கோடு சதுரம் எட்டுப்பட்டையாக மாறும் இடத்திலேயே விழுகிறது; வடிவம் மாறும் இடத்தில் ஒரு கோடு இருப்பதைக் கண் எதிர்பார்க்கிறது. மகேந்திரவர்மன் காலத்து வடிவம் இன்றைய வார்ப்புவேலைக்கு இவ்வளவு பொருந்துவது அலங்காரம் இணைப்பில் பிறக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று. அடுத்த கட்டம் வார்க்கும் முன் கீழ்க்கட்டத்தின் தலையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி கழுவி, ஈரமாக்கி, சிமென்ட் பால் தடவ வேண்டும். இதைத் தவிர்த்தால் அந்தக் கோடு வெறும் கோடாக இருக்காது, தண்ணீர் இறங்கும் வாயாகிவிடும்.

எட்டுப்பட்டைக்கு ஆசைப்படும்போது ஓர் எச்சரிக்கை. 9 அங்குலச் சதுரத்தைச் சரிசமமான எட்டுப்பட்டையாக்க ஒவ்வொரு மூலையிலும் பக்கத்துக்கு 67 மி.மீ. வெட்ட வேண்டும். கம்பிகள் இருப்பது அந்த மூலைகளில். வழக்கமான 40 மி.மீ. கவரில் கட்டிய கம்பிக்கூட்டுக்கு முன்னால் அப்படி வெட்டினால், வளையத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே மிஞ்சுவது சுமார் 15 மி.மீ. மட்டுமே. சில மழையிலேயே மூலையில் பழுப்புக் கறை எட்டிப்பார்க்கும். அதனால் 30 மி.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். 30 மி.மீ. சதுர ரீப்பரை மூலைக்கு மூலை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு முக்கோணச் சட்டம் கிடைக்கும். அவற்றை நடுக்கட்டம் வார்க்கும்போது மட்டும் அச்சின் நான்கு மூலையிலும் ஆணியடித்து வைத்தால் போதும். அகலப் பட்டை நான்கும் 170 மி.மீ., ஒடுக்கப் பட்டை நான்கும் 42 மி.மீ. ஆக வரும். கணக்குப்படி இது சமமான எட்டுப்பட்டை அல்ல, ஆனால் வெயில் சாயும்போது ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிழற்கோடு விழுந்து தூணை மெலிதாகக் காட்டும். சமமான எட்டுப்பட்டையே வேண்டும் என்பவர் 12 அங்குலத் தூணுக்குப் போய்க் கம்பியையும் தடிப்பாக்கிக் கம்பிக்கூட்டை உள்வாங்கிக் கட்ட வேண்டும். கீழ்ச்சதுரத்தின் தலையில் மூலைக்கு ஒன்றாக உண்டாகும் முக்கோணத் திட்டைக் கலவை இறுகும் முன் கரணையால் சரித்துவிடுங்கள். நாகபந்தம் செதுக்கத் தெரிந்தவர் செதுக்கலாம். மற்றவர்களுக்கு அந்தச் சரிவே போதும், தண்ணீர் நிற்காது.

கலவை 1:1½:3. சிமென்ட் ஒன்று, எம்-சாண்ட் ஒன்றரை, முக்கால் அங்குலச் சல்லி மூன்று. ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் மழையில் நனைந்திருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். தளதளவென்று இருந்தால் கொட்டுவது சுலபம் என்று நீரைக் கூட்டுவதுதான் வீட்டு வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நான்கு தூணுக்கும் சேர்த்து வேண்டியது சுமார் 16 கன அடிக் கலவை. சிமென்ட் நான்கு மூட்டைக்குள் முடிந்துவிடும். பீடம், அடித்தளம், போதிகைக்குத் தனி. மலை ஈரத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி மூடிவையுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மூட்டையைத் தூணுக்குப் பயன்படுத்த வேண்டாம். சணல் சாக்கைச் சுற்றி 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. பங்குனிக்குத் தள்ளினால் அந்த 10 நாள் தண்ணீருக்கே அலைய வேண்டி வரலாம்.

பீடத்துக்குக் கொல்லைக் கல்லே அழகு. 18 அங்குலச் சதுரத்தில் தூணைச் சுற்றிக் கட்டினால் பக்கத்துக்கு 4½ அங்குலம் கல் வரும். அதைவிட ஒல்லியாகக் கட்டினால் கல் ஒட்டியதுபோல் தெரியும், உதிரவும் செய்யும். கூரையிலிருந்து விழும் மழை தரையில் மோதி ஓர் அடி உயரம்வரை சேறு தெறிக்கும் என்பதால்தான் பீடத்துக்கு ஓர் அடிக்குக் குறையாத உயரம் சொன்னேன். கல் கறையைத் தாங்கிக்கொள்ளும்; பூசிய தூண் தாங்காது. பழைய திண்ணை வீடுகளில் மரத்தூணுக்கு அடியில் கல் வைத்த அதே காரணம். பீடத்தின் தலை தட்டையாக இருக்கக் கூடாது. தூணிலிருந்து வெளிப்புறமாக அரை அங்குலம் வாட்டம் கொடுங்கள்.

போதிகையைத் தரையில் தனியாக வார்க்கலாம்: நீளம் 27 அங்குலம், அகலம் 9, உயரம் 6. இரு நுனியின் கீழ்மூலையையும் அச்சுக்குள் ஒரு சாய்பலகை வைத்துக் கோணமாக்கினால் சோழர் போதிகையின் எளிய உருவம் கிடைக்கும். எடை சுமார் 50 கிலோ, இருவர் தூக்கலாம். இதில் இரண்டு 10 மி.மீ. கம்பிகள் மேல்விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கைநீட்டி நிற்கும் கட்டை மேல்பக்கம்தான் இழுபடும், உத்தரத்தைப் போலக் கீழ்ப்பக்கம் அல்ல. பலர் பழக்கத்தில் கம்பியை அடியில் போட்டுவிடுவார்கள், அது போடாததற்குச் சமம். தூணின் உச்சியில் மையமாக ஒரு 16 மி.மீ. துத்தநாகம் பூசிய மரைக்கம்பியை ஒன்றரை அடி ஆழம் புதைத்து வார்த்து, போதிகையின் நடுத்துளை வழியாகவும் உத்தரம் வழியாகவும் ஏற்றி மேலே தட்டு வைத்து நட்டு முறுக்குங்கள். மலைக்காற்று கூரையை அழுத்துவதைவிடத் தூக்கத்தான் பார்க்கும். அந்த ஒற்றைக் கம்பிதான் பிடித்துவைக்கும். போதிகையை உத்தரத்தின் திசையில் வையுங்கள். நான்கும் மூலைத்தூண் என்பதால் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் நீளும். வெளிக்கை, தூணைத் தாண்டி நீளும் உத்தரத்தின் முனையைத் தாங்கும். போதிகையின் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு சிறு பள்ளக்கோடு விழும்படி அச்சில் அரை அங்குல ரீப்பர் வைத்தால், ஓடிவரும் நீர் தூணுக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

இவ்வளவு தடித்த தூண் எதற்கு, ஒரு 3 அங்குல இரும்புக் குழாயே இந்தக் கொடிப்பந்தலைச் சுமக்குமே என்று கேட்டால், சுமக்கும். சுமையை மட்டும் வைத்து 9 அங்குலத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனால் உள்ளே போதிய கவரோடு கம்பி, வெளியே மாடு உரசினாலும் சிதையாத மூலை, போதிகைக்கு உட்காரும் இடம், இவை மூன்றும் சேர்ந்தே அந்த அளவைக் கேட்கின்றன. மெலிந்ததே வேண்டுமென்றால் குழாயைக் குழாயாகவே, துத்தநாகப் பூச்சோடு, ஒளிக்காமல் நிறுத்துங்கள். அதுவும் நேர்மையான தூண்தான். இன்னொரு வழி, வேலிக்கும் திராட்சைப் பந்தலுக்கும் விற்கிற பிளந்த கருங்கல் கால். 5 அங்குலச் சதுரம், 8 அடி நீளம் உள்ள ஒன்று 100 கிலோவைத் தாண்டும், நிறுத்த நான்கு பேர் வேண்டும். 2 அடி மண்ணுக்குள் போனால் மிஞ்சும் உயரம் 6 அடிதான் என்பதால் கொடிப்பந்தலுக்கே பொருந்தும். அச்சு வேண்டாம், நனைப்பு வேண்டாம். உளித்தடம் தெரியும் அந்த முகத்தைப் பூசி மறைத்துவிடாதீர்கள்.

வார்த்த தூணுக்குப் பூச்சுத் தேவையா என்றால், பலகை வழவழப்பாக இருந்து ஓட்டை விழாமல் வந்திருந்தால் தேவையில்லை. வெண்மை வேண்டும் என்பவர் சுண்ணாம்பு அடிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருந்தாலும் அது உரிந்து தொங்காது. கொடியைத் தூணின்மேல் நேராகப் படரவிட வேண்டாம். இலைக்கும் தூணுக்கும் நடுவே ஈரம் எப்போதும் தங்கும், வேர்விட்டு ஒட்டும் கொடியானால் ஒட்டுவாயில் நுழையும். பீடத்தின் விளிம்பிலிருந்து போதிகையின் நுனிக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டுங்கள். முல்லையோ அவரையோ அந்தக் கம்பியைப் பிடித்து ஏறட்டும். தூணுக்கும் கொடிக்கும் நடுவே கை நுழையும் இடம் இருந்தால், அடுத்த ஆண்டு சுண்ணாம்புத் தூரிகையும் நுழையும்.